அச்சில் இருக்கும் தேற்றம்

இன்று காலை ரந்தாவிலிருந்து சிரம்பானுக்கு வரும் சாலையில் எனக்கு முன்னால் ஓர் ஒட்டுப்பால் லாரி போய்க்கொண்டிருந்தது. மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் உறைந்துபோன ரப்பர் பாலை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு சுங்கை காடுட் பக்கம் தொழிற்சாலைக்குப் போகிற லாரி. முந்த முடியவில்லை, எதிரே வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. கார்க் கண்ணாடியை ஏற்றியும் அந்த நாற்றம் உள்ளே வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டது. அழுகிய பாலும் செத்த எலியும் கலந்த நாற்றம் என்று நீ ஒரு பத்திரிகை நிருபரிடம் சொன்னாயே, அதே நாற்றம். அந்த மனிதர் அதை எழுதவே இல்லை.

அவருக்கு வேறு கதை வேண்டியிருந்தது. தோட்டத்தில் பிறந்த பெண், வாளியில் பால் ஊற்றுவதைப் பார்த்து வளர்ந்தவள், கடைசியில் அந்தப் பாலுக்கே கணிதம் கண்டுபிடித்தாள் என்று எழுத அவருக்குக் கை அரித்தது. நீ விடவில்லை. "நம்ம ஊரு பாலுன்னு பாசத்துல நான் இத எடுக்கல சார். சமன்பாடு நல்லா இருந்துச்சு, எடுத்தேன்" என்றாய். கட்டுரை வெளிவந்தபோது தலைப்பிலேயே பாசம் இருந்தது. அதைப் படித்துவிட்டு நீ சிரித்த சிரிப்பில் மேல்வீட்டுக்காரர் மாடிப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

நான் சிரம்பான் லோபாக்கில் இருக்கும் உங்கள் வீட்டுக்குத்தான் வந்துகொண்டிருந்தேன். இன்று உன் முதல் திதி.

இப்படி எழுதுகிறவர்கள் கடைசியில் ஒரு நல்ல வார்த்தை சொல்லி முடிப்பார்கள். என்னிடம் அது இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உன்னிடம் சொல்லாமல் எதையும் முடித்துப் பழக்கமில்லாதவள் நான்.

நீயும் நானும் ஒரே தோட்டத்தில், ஒரே தொழிலாளர் லயத்தில், சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பிறந்தோம். அந்த லயம் இருந்த இடத்தில் இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. அதற்காக நீயும் வருத்தப்பட்டதில்லை, நானும் வருத்தப்பட்டதில்லை. கூரை ஒழுகிய வீட்டை நினைத்து உருகுகிறவர்கள் யாரும் அதில் மழைக்காலத்தில் படுத்ததில்லை என்பாய். தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, பல்கலைக்கழகம் வரை ஒன்றாகவே போனோம். அதற்கு மேல் நீ போனாய், நான் நின்றுகொண்டேன். நீ ஆராய்ச்சிக்காரி. நான் நீலாயில் ஒரு தனியார் கல்லூரியில் பொறியியல் மாணவர்களுக்குக் கணிதம் நடத்துகிறவள். தேர்வுக்கு வருமா மிஸ் என்பதைத் தவிர வேறு கேள்வி கேட்காத பிள்ளைகளோடு என் காலம் போகிறது.

உன்னை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு மழை. லோபாக் கடைவரிசைக்கு முன்னால் பெரிய கால்வாய் நிரம்பித் தளும்பி ஓடிக்கொண்டிருந்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு, கையில் தாப்பாவ் பொட்டலமாகக் கட்டிய மீ கோரேங் நூடுல்ஸ் ஆறுகிறதே என்று முணுமுணுத்தபடி நிற்கிறேன். நீ குடைக்கு வெளியே பாதி உடம்பை நனையவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறாய். ஓரிடத்தில் தண்ணீர் சுழன்று, சுழல் இரண்டாகப் பிரிந்து, இரண்டும் காணாமல் போயின.

"அடுத்த நிமிஷம் என்னா பண்ணணும்னு தண்ணிக்குத் தெரியுதுடி. நமக்குத்தான் தெரியல" என்றாய்.

"எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போயி சாப்பிடணும்" என்றேன்.

"நீ இஞ்சினியருங்களோட சேந்து கெட்டுப்போயிட்டலா."

நீ சொன்னது விளையாட்டுப் பேச்சு இல்லை. ஓடும் நீருக்குச் சமன்பாடு எழுதி வெகு காலம் ஆகிவிட்டது. விமானம் கட்டுகிறவர்களும் மழையைக் கணிக்கிறவர்களும் அதை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். ஆனால் அமைதியாக ஓடத் தொடங்கிய திரவம் என்றைக்கும் அமைதியாகவே ஓடுமா, அல்லது எங்கோ ஒரு புள்ளியில் அதன் வேகம் எல்லை இல்லாமல் எகிறிச் சமன்பாடே உடைந்துபோகுமா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. தண்ணீரை நீ தொடவில்லை. "அது பெரிய மனுசங்க சண்டை" என்று ஒதுங்கிக்கொண்டாய். ஓட ஓட உறைகிற திரவத்தை எடுத்தாய். ரப்பர் பால் மாதிரி, நேரம் ஆக ஆகக் கெட்டிப்படுகிற ஒன்று. உறைதல் முந்திக்கொள்ளும், வேகம் எகிறுவதற்கு முன்னால் திரவம் தன்னைத் தானே பிடித்து நிறுத்திக்கொள்ளும், ஆகவே அது உடையவே உடையாது. இதுதான் உன் தேற்றம். உன் வழிகாட்டிப் பேராசிரியரின் பெயர் பக்கத்தில் இல்லாமல், நீ தனியாகச் செய்த ஒன்றே ஒன்று.

சனிக்கிழமைதோறும் உங்கள் வீட்டில் உட்காருவோம். உன் அப்பா அப்போது சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலைக்குக் காவல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். தோட்டத்தில் லாரி ஓட்டியவர், அம்மா போன பிறகு உன்னோடு டவுனுக்கு வந்துவிட்டவர். அவருக்கும் சனிக்கிழமைதான் ஓய்வு. நாம் கணக்குப் போடுகிறோம் என்பதற்காகத் தொலைக்காட்சியின் சத்தத்தை முழுக்க அடைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பார். முழு நீளப் படம், பாட்டு, சண்டை எல்லாவற்றையும் வாயசைப்பாகவே பார்த்து முடிப்பார். போதும் மாமா, சத்தம் வையுங்கள் என்றால், "பரவால்லம்மா, கத தெரிஞ்சதுதான்" என்பார். நடுவில் எழுந்து கோப்பி கலக்கிக்கொண்டு வருவார். வெள்ளைப் பலகையில் நீ எழுதியதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இன்னைக்கு எத்தன வரி முன்னாடி போயிருக்கு?" என்று கேட்பார். நீ பெரும்பாலும் பின்னால் போயிருப்பாய். ஆனாலும் "நாலு வரி" என்பாய். அவர் மகிழ்ந்துபோவார்.

உன் வழி எனக்குப் புரிந்தவரை இதுதான். முதலில் திரவத்தில் செயற்கையாகக் கொஞ்சம் பிசுபிசுப்பைக் கலந்துகொள்வது. அந்தக் கலப்படத்தின் அளவுக்கு எப்சிலான் என்று பெயர். கலப்படத் திரவம் அடக்க ஒடுக்கமாக ஓடும். அதன் வேகம் ஓர் எல்லையைத் தாண்டாது என்று காட்டிவிட்டு, பிறகு கலப்படத்தை மெல்ல மெல்லக் குறைத்து ஒன்றுமே இல்லாமல் ஆக்குவது. அதுவரைக்கும் அந்த எல்லை அசையாமல் நின்றால் ஜெயித்தாயிற்று. இதில் நம் தொழில்காரர்களின் வழக்கம் ஒன்று இருக்கிறது. எல்லையைக் குறிக்கும் எண் எவ்வளவு என்று நாம் கணக்கிட மாட்டோம். ஏதோ ஒரு மாறிலி, முடிவுள்ள எண், அவ்வளவு போதும். அதற்கு சி என்று ஓர் எழுத்தை வைத்துக்கொள்வோம். அடுத்த வரியில் அது இரு மடங்கானாலும் சி. அதற்கு அடுத்த வரியில் வேறு எதனோடோ பெருக்கப்பட்டாலும் அதே சி. "சி என்பது வரிக்கு வரி மாறக்கூடும்" என்று கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு வாக்கியம் போட்டுவிட்டால் உலகம் முழுவதும் ஒத்துக்கொள்கிறது. என் மாணவர்கள் இப்படிச் செய்தால் நான் பூஜ்யம் போடுவேன். உங்களைப் போன்றவர்கள் செய்தால் அது மரபு.

அந்த நிரூபணத்தை நான் படித்தேன். உன் பேராசிரியர் படித்தார். மாநாட்டுக்காரர்கள் அமர்த்திய நடுவர்களும் படித்தார்கள்.

திரவ ஓட்டச் சமன்பாடுகளுக்கான பன்னாட்டு மாநாடு போர்ட்டிக்சனில் நடக்கப்போகிறது என்றும் உன் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள் என்றும் செய்தி வந்தபோது நீ மருத்துவமனையில் இருந்தாய். கைபேசியை எனக்கு நீட்டினாய். நான் படித்துவிட்டுத் தாதி திட்டுகிற அளவுக்குக் குதித்தேன். பத்து நாட்டுக்காரர்கள் விமானம் ஏறி வந்து நம் கடற்கரையில் உட்கார்ந்து உன் தேற்றத்தைக் கேட்கப்போகிறார்கள். "ப்ரான்சுல வச்சா விசா கேப்பான். இது பஸ்ல போற தூரம்லா" என்றாய். பஸ்ஸில் போகிற தூரத்துக்கும் உன்னால் போக முடியாது என்று அப்போதே மருத்துவர் என்னிடம் சொல்லியிருந்தார். உன்னிடமும் சொல்லியிருப்பார். நாம் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. திரையில் காட்ட வேண்டிய பக்கங்களை நீ படுக்கையில் சாய்ந்தபடியே திருத்தினாய். வலி மருந்தில் கண் செருகும், விழித்துக்கொள்வாய், விட்ட இடத்திலிருந்து தொடருவாய். கடைசி வாரத்தில் ஒரு நாள், "நான் போனாலும் அது இருக்கும்டி. அது போதும்" என்றாய்.

நீ என்னிடம் சொன்னதில் எனக்கு இன்றைக்கு நினைக்கவே பிடிக்காத வாக்கியம் அதுதான்.

நீ போன பிறகு மாநாட்டு அமைப்பாளர் என்னைக் கூப்பிட்டார். உன்னோடு வேலை பார்த்த மலாய்ப் பேராசிரியர். உன் இழவுக்கு வந்து, உன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாரே, அவர்தான். உன் உரையை நான் படிக்க வேண்டும் என்றும், மாநாட்டுக் கட்டுரைத் தொகுப்பை உனக்கே காணிக்கையாக்கப் போகிறோம் என்றும், அதில் உன் கட்டுரை முதலில் வரும் என்றும் சொன்னார். அதை உன் அப்பாவிடம் சொன்னபோது அவர் அழவில்லை. ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் தொலைபேசியில் கூப்பிட்டு, "பாப்பாவோட கணக்கு புஸ்தகத்துல வருது" என்று சொன்னார்.

நான் அந்த உரையை மனப்பாடம் செய்தேன். கல்லூரியில் பாடம் இல்லாத நேரமெல்லாம் அதுதான் வேலை. உன் அளவுக்கு எனக்குப் புரியாது, ஆனால் தடுக்கி விழாமல் சொல்லத் தெரிந்துகொண்டேன்.

மாநாடு கடலோர விடுதி ஒன்றில் நடந்தது. பக்கத்து மண்டபத்தில் ஏதோ நேரடி விற்பனைக்காரர்களின் கூட்டம். யாரோ ஒருவர் ஒலிபெருக்கியில் நீங்கள் வெல்லப் பிறந்தவர்கள் என்று கத்த, நூறு பேர் கைதட்டினார்கள். உன் அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஓர் ஆங்கிலச் சொல்லும் புரியாது. ஆனாலும் நான் ஒவ்வொரு பக்கமாக மாற்ற மாற்றத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். நான் திரையில் உன் தேற்றத்தைப் போட்ட அதே நொடியில் பக்கத்து மண்டபம் ஓவென்று ஆர்ப்பரித்தது. எங்கள் மண்டபத்தில் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். உன் அப்பா அது உனக்குத்தான் என்று நினைத்துப் பின்னால் திரும்பி எல்லாருக்கும் கும்பிட்டார்.

உரை முடிந்து கேள்வி நேரம். போலந்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் கை தூக்கினார். நம் வயதுதான் இருக்கும். உன் வேலை மிக அழகு, உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்று தொடங்கினார். பிறகு தயங்கித் தயங்கி, நடுப்பக்கத்தில் ஒரு வரியைத் திரும்பக் காட்ட முடியுமா என்றார். காட்டினேன்.

"அந்த வரியில் இருக்கும் சி, எப்சிலானைச் சார்ந்ததா?" என்று கேட்டார்.

நான் திரையைப் பார்த்தேன். எத்தனையோ முறை சொல்லிச் சொல்லித் தேய்ந்த வரி. அந்த வரியில் முரண்டு பிடிக்கும் ஓர் உறுப்பை அடக்குவதற்கு நீ கலப்படப் பிசுபிசுப்பின் உதவியை வாங்கியிருந்தாய். அந்த உதவி சும்மா வராது. ஒன்றை எப்சிலானால் வகுத்த அளவு ஒரு பெருக்கம் கூடவே வரும். அது சி-க்குள் போய் உட்கார்ந்துகொண்டு, அடுத்த வரியிலிருந்து வெறும் சி-யாக நடமாடியிருக்கிறது. கலப்படத்தைக் குறைக்கக் குறைக்க அந்த சி பெருத்துக்கொண்டே போகும். கலப்படம் இல்லாமல் போகும்போது எல்லையும் இல்லாமல் போய்விடும். அதாவது நீ ஒன்றையும் நிரூபிக்கவில்லை.

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். நான் பார்த்துவிட்டேன் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்துவிட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். மண்டபத்தில் விஷயம் புரிந்தவர்கள் எல்லாரும் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். அமைப்பாளர் சட்டென்று எழுந்து உன் அப்பாவை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். கைதட்டல் நீண்டது. நானும் தட்டினேன்.

அன்று மாலை உன் அப்பாவைக் காரில் லோபாக்கில் விடப் போனேன். பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருந்தார்.

"அந்த வெள்ளக்காரப் பொண்ணு என்னம்மா கேட்டுச்சு?"

"ஒரு வரியப் பத்தி வெளக்கம் கேட்டாங்க, மாமா."

"நீ ஒண்ணும் சொல்லலியே."

"பாத்துதான் சொல்லணும்."

"ஓ" என்றார். பிறகு, "பாப்பா இருந்திருந்தா டக்குனு சொல்லியிருக்கும்" என்றார்.

மாநாட்டின் மீதி நாட்களில் நான் வேறு எந்த உரையையும் கேட்கவில்லை. போலந்துக்காரப் பெண்ணும் இன்னும் இருவரும் தாங்களாகவே வந்து என்னோடு உட்கார்ந்தார்கள். தேநீர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகையைத் தள்ளிக்கொண்டு வந்து அந்த ஒரு வரியோடு மல்லுக்கட்டினோம். வேறு சமனின்மையைப் போட்டுப் பார்த்தோம். உறைதலை இன்னும் வேகமாக்கிப் பார்த்தோம். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. கடைசி நாள் மதியம் அந்தப் பெண் பலகைக்கு முன்னால் வெகுநேரம் சும்மா நின்றார். பிறகு ஓர் எடுத்துக்காட்டை எழுதினார். நல்ல பிள்ளையாகத் தொடங்குகிற ஓட்டம் ஒன்று. அதில் உன் வரியில் உள்ள அளவு நிச்சயமாக எல்லை மீறும், எந்தச் சாமர்த்தியமும் அதைத் தடுக்காது. திரவம் உடைகிறதா இல்லையா என்பது இன்னமும் யாருக்கும் தெரியாது. ஆனால் நீ போன வழியில் போய் அதைத் தெரிந்துகொள்ள முடியாது என்பது மட்டும் இப்போது தெரியும். அவர் அழிப்பானைக் கையில் எடுத்தார், அழிக்க மனமில்லாமல் கீழே வைத்தார். என் தோளைத் தொட்டுவிட்டு விமானத்துக்குப் போய்விட்டார்.

தப்பு யாருக்கும் வரும். பெரிய பெரிய ஆட்களின் நிரூபணமெல்லாம் இப்படி விழுந்திருக்கிறது. நீ இருந்திருந்தால் ஒரு வாரம் சாப்பிட்டிருக்க மாட்டாய், என்னிடம் எரிந்து விழுந்திருப்பாய், எட்டாம் நாள் வேறு வழி தேடிக் கிளம்பியிருப்பாய். உயிரோடு இருக்கிறவர்களுக்கு அது ஒரு கெட்ட வாரம். செத்துப்போனவர்களுக்கு எட்டாம் நாள் கிடையாது. உன் கதை அந்த வரியோடு நின்றுவிட்டது. நான் எத்தனை கோணத்தில் யோசித்தும் இதற்கு ஓர் ஆறுதல் கிடைக்கவில்லை.

அமைப்பாளர் விடுதி வாசலில் என்னை நிறுத்தினார். கெட்ட மனிதர் இல்லை என்பதை நீ அறிவாய். தொகுப்பு வேலை இன்னும் தொடங்கவில்லை, காணிக்கைக் கட்டுரையை யாரும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கப் போவதில்லை என்றார். "பியார்லா" என்றார் மெதுவாக. இருந்துவிட்டுப் போகட்டும் என்று அர்த்தம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நிமிடத்தில் அது எவ்வளவு அன்பான சொல்லாகத் தோன்றியது தெரியுமா? ஒரு நாள் அவகாசம் கேட்டேன்.

மறுநாள் மதியம் லோபாக்குக்குப் போனேன். உன் அப்பா எனக்குத் தட்டு போட்டார். சாப்பிடுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று தொடங்கினேன்.

"மாமா, அந்தக் கணக்குல ஒரு தப்பு இருக்கு."

"திருத்த முடியாதா?"

"முடியல. எல்லாரும் சேந்து பாத்தோம்."

அவர் குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே வைத்தார்.

"அதுக்குத் தெரியுமா?"

"தெரியாது மாமா."

"அதுக்குத் தெரியாம போனது நல்லதா கெட்டதாம்மா?"

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்றும், தொகுப்பில் உன்னைப் பற்றி ஒரு பக்கம் நினைவுக் குறிப்பு மட்டும் போடுவார்கள் என்றும் சொன்னேன். விட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

"யாரும் கேக்க மாட்டாங்கன்னா அப்பறம் என்னா?" என்றார். "இருந்துட்டுப் போவட்டும்மா. கல்யாணம் இல்ல, புள்ள இல்ல. அதுக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். அதையும் நீ போயி எடுக்கணுமா?"

"தப்புன்னு தெரிஞ்சு வச்சா அவ கோவிப்பா மாமா."

"அது எங்க இருக்கு கோவிக்க?"

சோறு ஆறிப்போயிருந்தது. சாப்பிட்டேன்.

நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. நீ ஒரு முறை தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது, அம்மாவைப் பறிகொடுத்த மாணவன் ஒருவனுக்கு நான் ரெண்டு மார்க் சேர்த்துப் போடச் சொன்னேன். "பாவம் பாத்து கணக்குக்கு மார்க் போடக் கூடாதுடி. அவனுக்குச் சோறு வாங்கிக் குடு, மார்க் குடுக்காத" என்றாய். சொன்னபடி அவனைத் தமிழ் முஸ்லிம்களின் மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு அழைத்துப்போய் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தாய், மார்க்கைக் கூட்டவில்லை. உன் விஷயத்தில் மட்டும் நான் வேறு விதமாக நடந்துகொண்டால், நாற்பது வருடம் உன்னோடு பழகியதற்கு அர்த்தம் இல்லை. ஆசிரியர் அறையில், இரண்டு வகுப்புகளுக்கு நடுவே, அமைப்பாளருக்கு எழுதினேன். கட்டுரையைத் திரும்பப் பெற அதை எழுதியவரின் ஒப்புதல் வேண்டும் என்றார்கள். எழுதியவர் இல்லாததால், உன் உரையைப் படித்தவள் என்று நான் கையொப்பமிட்டேன். மருத்துவமனையிலிருந்து உன் உடலை எடுத்துவரவும் நான்தான் கையொப்பமிட்டிருந்தேன். அந்த இரண்டில் எது கஷ்டம் என்று யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

உன் அப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "எடுத்துட்டேன் மாமா" என்றேன். "சரிம்மா. சாப்ட்டியா?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவராக என்னைக் கூப்பிடவே இல்லை. நானாகப் போனால் வாம்மா என்பார், கோப்பி வரும், பேச்சு வராது.

இன்றும் வாம்மா என்றார். ஐயர் வந்து முடித்துவிட்டுப் போயிருந்தார். பஹாவிலிருந்து உன் அத்தை வந்திருந்தார், பக்கத்து வீட்டுக்காரர்கள் இருந்தார்கள். இலை போட்டார்கள். உன் படத்துக்குக் கீழே பொன்னாடை விரித்திருந்தது. உன் அத்தை எனக்கு எதிரே உட்கார்ந்து பருப்பைப் பிசைந்தபடி கேட்டார்.

"அண்ணே, பாப்பாவோட கணக்கு பெரிய புஸ்தகத்துல வருதுன்னியே, வந்துருச்சா?"

உன் அப்பா பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தார். என் இலைக்கு வந்தபோதுதான் அந்தக் கேள்வி விழுந்தது. கரண்டி என் இலைக்கு மேலேயே நின்றது.

"அச்சுல இருக்கு" என்றார்.

"இவ்ளோ நாளாவா?"

"வெளிநாட்டுக்காரன் வேல. நிதானமாத்தான் செய்வான்."

எல்லாரும் தலையாட்டினார்கள். அத்தை என்னைப் பார்த்து, "நீயும் அந்தக் கூட்டத்துக்குப் போனியாம்லம்மா, எல்லாரும் கை தட்டுனாங்களாமே" என்றார். தட்டினார்கள் அத்தை என்றேன். அது உண்மைதான். பத்து நாட்டுக்காரர்களுக்கு முன்னால் உன் தேற்றத்தை விட்டுக்கொடுத்தவள், பஹாவ் அத்தைக்கு முன்னால் பாயசத்தைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது உன் அப்பா கீழே கார் வரைக்கும் வந்தார். இத்தனை மாதங்களில் முதல் தடவை. வெயிலுக்குக் கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீ செஞ்சது அதுக்குப் புடிக்கும். எனக்குத் தெரியும்மா" என்றார். "ஆனா நான் அதோட அப்பன். அடுத்த வருசமும் கேப்பாங்க. நான் அச்சுல இருக்குன்னுதான் சொல்லுவேன். நீ வரணும். வந்தா பேசாம சாப்ட்டுட்டுப் போயிரு."

நீ இருந்திருந்தால் அவரையும் திட்டியிருப்பாய், என்னையும் திட்டியிருப்பாய். சோறு வாங்கிக் கொடு, மார்க் கொடுக்காதே என்று சொல்வது உனக்குச் சுலபம். அவர் முகத்தை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அந்த மனிதருக்கு இனிமேல் வருடத்துக்கு ஒரு தடவை சொல்லிக்கொள்ள ஒரே ஒரு வாக்கியம்தான் மிச்சம் இருக்கிறது. அது பொய் என்று தெரிந்த ஒரே ஆளையும் அவர் பந்தியில் உட்கார வைக்க வேண்டியிருக்கிறது.

சரி மாமா என்றேன். உன் தேற்றத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன், இந்தச் சொல்லை என்னால் திரும்பப் பெற முடியாது. அடுத்த வருடமும் போவேன்.